ரிக்கெற் விலையா, கடைசி பஸ்ஸா?

அன்புள்ள அண்ணா,

நான் மல்லாவிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். போன மாதம் கிளிநொச்சியில் ஒரு நாடகம் போட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டேன். ரிக்கெற் 500 ரூபா. என் வகுப்பில் பாதிப் பேரின் தகப்பன்மார் கூலிவேலைக்குப் போகிறவர்கள். தொடங்குவது பின்னேரம் ஆறரைக்கு. முடிகிற நேரத்தில் எங்கள் பக்கம் வர பஸ்ஸும் இல்லை. கடைசியில் ஒருவரும் போகவில்லை. அடுத்த கிழமை வகுப்பில் வட்டக்களரி பற்றி, அதாவது சனம் சுற்றிவர இருந்து பார்க்கிற கூத்து மேடை பற்றி, படிப்பிக்கும்போது ஒரு பெடியன் கேட்டான், "ரீச்சர், நீங்கள் நேரில பார்த்திருக்கிறீங்களா?" என்று. நானும் யூடியூப்பில்தான் பார்த்திருக்கிறேன்.

நாடகக்காரர் ரிக்கெற்றை 100 ரூபாவாகக் குறைத்தால், அல்லது இலவசமாகவே போட்டால், எங்கள் ஊர்ச்சனம் பார்க்க மாட்டார்களா? அதுவும் ஏலாதென்றால் ஒளிப்பதிவு செய்து இணையத்திலாவது விடலாமே? எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு நாடகம் கொண்டுவர வேண்டும் என்று சிலர் கதைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கே தொடங்குவது?

ஒரு வாசகி, மல்லாவி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கணக்கையே இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். ரிக்கெற் 100 ரூபா ஆகிவிட்டது என்று வையுங்கள். அப்போதும் நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வான் பிடித்தால், ரிக்கெற்றில் மிச்சம் பிடித்ததை அதன் கூலி விழுங்கிவிடும். இரவு பத்து மணிக்குப் பெண்பிள்ளையை ஒழுங்கை முகப்பில் இறக்கிவிடுகிறோம் என்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கங்களில் இருட்டினால் யானைப் பயம் வேறு. வன்னியில் ஒரு நாடகம் பார்க்க ஆகும் செலவில் ரிக்கெற் சின்னப் பங்குதான். வீடு திரும்புவதுதான் பெரிய செலவு. அதை நாடகக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் தீர்க்க முடியாது.

முந்தி இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தோ, அம்மன் கோயிலில் நேர்த்திக்கு ஆடுகிற காத்தான் கூத்தோ, இரவு தொடங்கினால் விடியத்தான் முடியும். ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டால் கதை பெரிது, பாட்டு அதிகம் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ அதில் போக்குவரத்தும் இருக்கிறது என்றுதான் படுகிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, மாலையிலேயே வந்துவிடலாம். நடுச்சாமத்தில் யாரும் காட்டுவழி நடக்க வேண்டியதில்லை. பிள்ளை நித்திரையானால் பாயில் கிடக்கும். விடியப் புறப்பட்டு வெளிச்சத்தில் வீடு போய்ச் சேரலாம். இங்கிலாந்தில் இப்போது சில அரங்குகள், சத்தம் போடலாம், இடையில் எழுந்து போகலாம் என்று சொல்லிச் சில காட்சிகளைத் தனியாக நடத்துகின்றன. சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கும், இருட்டிலும் அமைதியிலும் அடங்கி இருக்கமுடியாதவர்களுக்கும் அது பெரிய வசதி. நம் கோயில் வீதியில் கச்சான் கொறித்துக்கொண்டு கூத்துப் பார்த்த சனத்துக்கு இதைச் சொன்னால், வேறெப்படிப் பார்ப்பது என்று கேட்டிருப்பார்கள்.

சரி, காசுக்கு வருவோம். நாடகம் ஏன் இவ்வளவு விலையாகிறது? நாடகக்காரரின் பேராசை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 1966இல் பௌமல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். தொழிற்சாலையிலும் வயலிலும் இயந்திரம் வந்து, ஓர் ஆளின் உழைப்பில் கிடைக்கிற பொருள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. அதோடு கூலியும் கூடுகிறது. மேடையில் அப்படி நடப்பதில்லை. நான்கு பேர் வாசிக்க எழுதிய இசைக்கு இருநூறு வருடம் கழித்தும் நான்கு பேர் வேண்டும், அதே நேரம் வேண்டும். ஆனால் அந்த நான்கு பேரும் இன்றைய விலையில்தான் அரிசி வாங்க வேண்டும். நம்மூரில் இதைப் புரிந்துகொள்ள வயலைப் பார்த்தால் போதும். கூட்டமாக நின்று அரிவு வெட்டிய வயலை இப்போது மெசின் கொஞ்ச நேரத்தில் வெட்டி முடிக்கிறது. அரிச்சந்திரனின் மயான காண்டம் என்ற நாடகத்தை வெட்டி முடிக்க மெசின் கிடையாது. சந்திரமதிக்கு ஓர் ஆள், ஆர்மோனியத்துக்கு ஓர் ஆள், அன்றும் இன்றும். ரிக்கெற் அடித்தால் உள்ளூராட்சி மன்றத்தின் களியாட்ட வரி வேறு. 1946ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் அதிகாரம் அது.

அதனால் ‘இலவசமாகப் போடுங்கள்’ என்று நாடகக்காரரிடம் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த இலவசத்தை நடிகன் தன் நாட்கூலியை விட்டுத்தான் தரவேண்டும். இரண்டு நாள் ஒத்திகைக்காக மேசன் வேலைக்கு லீவு போடுகிற பெடியனிடம் போய்க் கலைச்சேவை என்று பேசுவது நியாயமில்லை.

வன்னிச் சனத்துக்கு இலவச நாடகம் புதிதும் அல்ல. 2009க்குப் பிறகு எத்தனை பார்த்தார்கள்! கண்ணிவெடி, டெங்கு, கைகழுவுதல், சிறுவர் உரிமை. தொண்டு நிறுவனத்தின் வாகனம் வரும், சந்தியில் பறை அடிக்கும், அரை மணித்தியாலத்தில் ஒரு குடிகாரத் தகப்பன் திருந்துவான், பிஸ்கற் பைக்கற் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவற்றில் தேவையானவை இருந்தன. கண்ணிவெடி பற்றிய நாடகங்கள் உயிர் காத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதையே வருடக்கணக்காகப் பார்த்த ஊரில், நாடகம் என்றால் யாரோ நமக்குப் புத்தி சொல்ல வருகிறார்கள் என்ற எண்ணம் ஊறிவிட்டது. இலவசமாக இன்னொன்று வந்தால், இந்த முறை எதைக் கழுவச் சொல்லப்போகிறார்கள் என்றுதான் பார்க்கும் சனம்.

பார்ப்பவருக்கு இலவசம், ஆடுபவருக்குச் சம்பளம். இந்த ஏற்பாடு நம்மிடம் இருந்தது. இசைநாடகக் கலைஞர் வி.வி. வைரமுத்துவின் குழுவான வசந்தகான சபா மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றியது. பெரும்பாலும் கோயில் திருவிழாக்களில். அரிச்சந்திரன் அழும்போது கூட அழுத சனம் ரிக்கெற் எடுத்துக்கொண்டா வந்தது? அந்த நாள் திருவிழா உபயகாரர் காசு கொடுத்தார், ஊர் முழுக்கப் பார்த்தது. இன்றும் உபயகாரர் இருக்கிறார், காசும் இருக்கிறது. முன்னையைவிடக் கூடவே இருக்கிறது. அது இசைக்குழுவுக்கும், கண் கூசுகிற மின்விளக்கு அலங்காரத்துக்கும் போகிறது. ஓர் இரவு இசைக்குழுவுக்கு எண்ணிக் கொடுப்பதில் ஒரு துண்டு போதும், ஒரு கூத்தை ஊருக்குக் கொண்டுவர. இளசுகள் கேட்கிறார்கள் என்பார்கள். கூத்தைப் பார்க்காத பிள்ளை கூத்தை எப்படிக் கேட்கும்?

வெளியூர் முயற்சிகளும் இருக்கின்றன. பராக்கிரம நிரியெல்ல தொடங்கிய ஜனகரளிய, கூடாரத்தையும் நடிகர்களையும் கொண்டுபோய் மண்டபமே இல்லாத ஊர்களில் நாடகம் போட்ட குழு. சிங்கள, தமிழ் இளைஞர்கள் சேர்ந்து இரண்டு மொழியிலும் நடித்தார்கள். கர்நாடகத்தில் ஹெக்கோடு என்ற கிராமத்தில் 1949இல் தொடங்கிய நீநாசம் எனக்கு இன்னும் பிடித்தமானது. அதன் ‘திருகாட்ட’ என்ற குழு 1985இலிருந்து ஊர் ஊராகப் போகிறது. போகிற இடத்தில் உள்ளூர்க்காரர்தான் ஏற்பாடு. நாடகம் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு கிராமத்தை வா என்று கூப்பிடவில்லை, தானே பஸ் ஏறிப் போகிறது. ஓர் ஊர்ச்சனம் கிளிநொச்சிக்குப் போக ஆகும் செலவையும், பத்து நடிகர் மல்லாவிக்கு வர ஆகும் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதுதான் மலிவு.

இதில் நாம் அடிக்கடி மறக்கிற கூட்டம் ஒன்று உண்டு. போரில் காலை இழந்தவர்கள், கண்ணை இழந்தவர்கள் வன்னியில் எந்த ஊரில் இல்லை? பொதுக் கட்டடங்களில் அவர்களுக்கு வழி விட வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. பல மண்டபங்களில் வாசலில் ஒரு சாய்தளம் மட்டும் இருக்கும். கழிப்பறைக்கு மூன்று படி. கோயில் வீதியிலோ விளையாட்டுத் திடலிலோ சமநிலத்தில் களரி போட்டால் சக்கர நாற்காலி நேரே முன்வரிசைக்கு வரும். கண் தெரியாதவருக்குக் கூத்தைவிட நல்ல அரங்கம் இல்லை என்பேன். கட்டியகாரன் ராசா வருகிறார் என்று அறிவிக்கிறான். ராசா வரவுப் பாட்டில் தான் யார், எப்படி வருகிறேன் என்று தானே பாடுகிறான். சலங்கைச் சத்தத்தில் எந்தப் பக்கம் போகிறான் என்பதும் தெரியும். காதுகேளாதவருக்குத்தான் நாம் ஒன்றும் செய்யவில்லை. சைகைமொழி தெரிந்த ஒருவரைக் களரி ஓரத்தில் வெளிச்சத்தில் நிறுத்தலாம். உங்கள் பக்கத்தில் அப்படி யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

ஒளிப்பதிவு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். லண்டனில் தேசிய நாடக அரங்கு 2009இலிருந்து தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு நேரலையாகக் கொடுக்கிறது. அங்கேயும் சனம் ஒரு மண்டபத்தில் கூடி இருந்துதான் பார்க்கிறது, அதைக் கவனியுங்கள். உங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு கைபேசியில் டேற்றாவைக் கரைத்துப் பார்ப்பதைவிட, வாசிகசாலைச் சுவரில் வெள்ளைச்சீலை கட்டி புரொஜெக்டரில் எல்லாரும் சேர்ந்து பாருங்கள். ஆனால் அந்தப் பெடியன் கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். உங்கள் பள்ளிக்கூடத்திலேயே தொடங்குங்கள். தமிழ்மொழித்தினப் போட்டிக்கு வருடாவருடம் நாட்டுக்கூத்தும் இசைநாடகமும் பழக்குகிறார்கள். பிள்ளைகள் மாதக்கணக்காக மினக்கெட்டு, உடுப்புத் தைத்து, பாட்டைப் பாடமாக்கி, கடைசியில் ஆளில்லாத மண்டபத்தில் மூன்று நடுவர்களுக்கு முன்னால் ஒருதரம் ஆடிவிட்டு வருகிறார்கள். கல்வி வலயச் சுற்றில் தோற்றால் அதோடு சரி. உடுப்பு அலுமாரிக்குள் போய்விடும். இதைப்போல அநியாயம் வேறில்லை. செலவெல்லாம் ஏற்கெனவே முடிந்த ஒரு நாடகம் கையில் இருக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் கேளுங்கள், இரண்டு மூன்று சேரும். அதைச் சனசமூக நிலைய முற்றத்தில் பின்னேரம் நாலு மணிக்குப் போடுங்கள். பகல் வெளிச்சம், லைற் வேண்டாம், ஜெனரேற்றர் வேண்டாம். பொழுது படமுதல் சனம் வீட்டில். ஒலிபெருக்கி கட்டினால் பொலிஸ் அனுமதி மட்டும் எடுத்துவையுங்கள்.

இரண்டாவது கட்டமாக, கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியாரையும் அவருடைய குழுவையும் கூப்பிடுங்கள். காலம், பெரும்போக அறுவடை முடிந்த கையோடு. அப்போதுதான் சனத்தின் கையில் காசும் நெல்லும் இருக்கும், மழையும் விட்டிருக்கும். நாள், போயாவுக்கு முதல்நாள் இரவு. நிலவும் உண்டு, அடுத்த நாள் பள்ளிக்கூடமும் இல்லை. காசுக்கு, வெளிநாட்டில் இருக்கிற உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கேளுங்கள். தகப்பன் பெயரில் கோயிலுக்குத் தூண் கட்டுகிறவர், அவர் பெயரில் ஓர் இரவுக் கூத்தும் தருவார், கேட்கிற விதத்தில் கேட்டால். ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊருக்குள் காசு தருபவர் காசு தரட்டும், நெல் தருபவர் நெல் தரட்டும், ஒன்றும் தர இயலாதவர் பாயோடு வரட்டும். யார் என்ன தந்தார் என்று வாசலில் நின்று பார்க்காதீர்கள். ஆடுபவர்களுடன் மட்டும் தொகையை முதலே பேசி முடித்து, ஆட்டம் தொடங்க முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை எழுதாமல் விட மனமில்லை. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பொன்னாடை என்று ஒன்றரை மணித்தியாலம் போன பிறகு தொடங்கிய நாடகங்கள் எனக்குத் தெரியும். பின்வரிசைத் தாய்மார் பஸ்ஸுக்கு எழுந்து போனது முதலாம் காட்சியில். முன்வரிசைச் சோபாவே வேண்டாம். முன்னுக்குப் பாய், பின்னுக்குக் கதிரை, ஓரத்தில் சக்கர நாற்காலிக்கு இடம். பிரமுகர் யாருக்காவது மாலை போட்டே ஆகவேண்டும் என்றால், விடியக் கூத்து முடிந்த பிறகு போடுங்கள். அதுவரை இருக்கிறாரா பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணா