கேஷ் நம் காசுதானா?

கேள்வி: ஆங்கிலத்தில் கேஷ் என்பது நம் காசுதான் என்று மகனிடம் சொன்னேன். ‘இல்லம்மா, அது பிரெஞ்சு’ என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி ஒருவர், செம்பூர், மும்பை

பதில்: மகன் சொல்வது சரிதான், அம்மா. ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டார்.

கடையில் நாம் கொடுக்கும் கேஷுக்கு மூலம் ஒரு பெட்டி. லத்தீனில் காப்சா என்றால் பெட்டி. அது இத்தாலியிலும் பிரான்ஸிலும் உருமாறி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டிக்கும் அதிலிருந்த பணத்துக்கும் அதுவே பெயர். போகப் போகப் பெட்டி மறந்துபோய்ப் பணம் மட்டும் நின்றது. மூக்குக்கண்ணாடி வைக்கும் கேஸும், மருந்துக் கேப்ஸ்யூலும் அதே காப்சா வழி வந்தவைதான்.

நான் ஃபோர்ட்டில் ஒரு வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவன். பக்கத்துத் தெரு குஜராத்தி வியாபாரி தினமும் காலையில் வந்து, ‘நேற்றைய கல்லா’ என்று சொல்லித்தான் ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளை உள்ளே தள்ளுவார். பெட்டியின் பெயர் பணத்துக்கு வந்துவிட்டது, பாருங்கள். நாமும் ‘படம் நல்லா கல்லா கட்டுச்சு’ என்கிறோமே!

சரி, நம் காசுக்கு வருவோம். இங்கே வந்த போர்ச்சுகீசியர் காசு என்பதைக் கைஷா என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் கைஷா என்றே பெயர். குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா! அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்து, சின்னச் செப்புக்காசுக்குக் கேஷ் என்று பெயர் வைத்தார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் அப்படித்தான் அழைத்தார்கள். நல்ல ஆங்கில அகராதியில் இந்த இரண்டு கேஷும் தனித்தனியாகவே இருக்கும்.

கம்பெனி கால மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1808இல் மதராஸுக்காக பர்மிங்காமில் 20 காசு, 10 காசு நாணயங்கள் அடித்தார்கள். அவற்றை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அதிலிருந்து ஏராளமான நாணயங்களை வெளியே எடுத்தார்கள். அவற்றின் படம் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும், மகனுக்குக் காட்டுங்கள். 20 காசு நாணயத்தில், ரோமன் எண்ணில் இருபது போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ் என்று இருக்கும். அந்தக் கேஷ் பிரெஞ்சு இல்லை, நம் காசேதான்.