மணி அடித்தால் போனில் தெரிய வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

பழைய சாதனங்களை வீட்டு ஆட்டோமேஷனில் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகளில் நான்கு இந்த இதழில்.

கேள்வி: எங்கள் காலிங் பெல் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12 வோல்ட் ஏசியில் ஓடுகிறது. பெல்லின் இரு முனைகளிலிருந்தும் வயர் எடுத்து, ஒரு டையோடும் மின்தடையும் போட்டு, ஈஎஸ்பி8266 (வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டு போர்டு) போர்டின் பின்னில் கொடுத்தேன். இரண்டு நாள் போனுக்குத் தகவல் வந்தது. பிறகு அந்தப் பின் செத்துவிட்டது. ஏன்?

பதில்: 12 வோல்ட் ஏசியின் உச்சம் அதைப் போல 1.4 மடங்கு, கிட்டத்தட்ட 17 வோல்ட். பட்டனை விடும்போது பெல் காயிலிலிருந்து ஒரு வோல்டேஜ் துள்ளலும் கிளம்பும். பின்னோ 3.3 வோல்டுக்கானது. இரண்டு நாள் தாங்கியதே பெரிது.

பெல்லின் வயரும் போர்டின் வயரும் எங்கேயும் ஒட்டக் கூடாது. நடுவில் பிசி817 ஆப்டோகப்ளர் போடுங்கள். அதன் உள்ளே ஒரு சின்ன எல்ஈடி, எதிரே ஒளியை உணரும் டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் இடையே மின்தொடர்பு கிடையாது. புள்ளி வைத்த மூலைதான் 1ஆம் கால். பெல்லின் ஒரு முனையிலிருந்து 2.2 கிலோ ஓம் மின்தடை வழியாக 1ஆம் காலுக்கும், மறு முனையிலிருந்து நேராக 2ஆம் காலுக்கும் வயர் கொடுங்கள். எல்ஈடியில் உச்சத்தில் 7 மில்லி ஆம்பியர் போல ஓடும், அது போதும்.

பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. 1, 2 கால்களுக்குக் குறுக்கே 1என்4148 டையோடு ஒன்றைத் தலைகீழாகப் போட வேண்டும். உள்ளே இருக்கும் எல்ஈடி எதிர்த்திசையில் 6 வோல்ட்தான் தாங்கும். ஏசி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை அதைப் புரட்டி அடிக்கும்.

போர்டு பக்கம் 3ஆம் கால் கிரவுண்டுக்கு, 4ஆம் கால் ஜிபிஐஓ 14க்கு (போர்டில் அந்த எண் கொண்ட பின்). அந்தப் பின்னிலிருந்து 3.3 வோல்டுக்கு 10 கிலோ ஓம். ஜிபிஐஓ 0, 2, 15 பக்கம் போக வேண்டாம். போர்டு விழிக்கும் நொடியில் ஜிபிஐஓ 0 கீழே, கிரவுண்டுக்கு, இழுக்கப்பட்டிருந்தால் அது புரோகிராம் ஏற்றும் நிலைக்குப் போய் நின்றுவிடும். கரண்ட் போய்த் திரும்பும் அந்த நொடியில் வாசலில் யாராவது பெல்லை அழுத்திக்கொண்டிருந்தால் போதும், உங்கள் போர்டு ஊமையாகிவிடும்.

இனி, ஒரே அழுத்தலுக்கு ஐம்பது தகவல் வருகிறதே என்று கேட்பீர்கள். 50 ஹெர்ட்ஸ் ஏசியில் எல்ஈடி நொடிக்கு 50 முறை எரிந்து அணைகிறது; போர்டு ஒவ்வொன்றையும் எண்ணிவிடும். ஈஎஸ்பிஹோம் (இந்த போர்டுகளுக்கான மென்பொருள்) பயன்படுத்தினால் அந்தச் சென்சாருக்கு 'டிலேய்ட் ஆஃப்' (அணைந்ததைச் சற்றுத் தாமதித்தே ஏற்பது) 100 மில்லி செகண்ட் கொடுத்து, பின்னில் வோல்டேஜ் இறங்கினால் 'ஆன்' என்று கொள்ளும் தலைகீழ் நிலையையும் குறிப்பிடுங்கள். சரியாகிவிடும்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வீட்டு மின்சாரத்திலேயே நேராக ஓடும் பெல்லுக்கு இந்தச் சர்க்யூட் ஆகாது. அதற்கென்றே தயாராக வரும், தனிமைப்படுத்தப்பட்ட ஏசி உணரி மாட்யூலை எலக்ட்ரீசியனைக் கொண்டு மாட்டுங்கள்.

கேள்வி: ஐஆர் பிளாஸ்டரில் (ரிமோட் போல அகச்சிவப்புக் குறியீடு அனுப்பும் கருவி) டிவி, ஏசி ரிமோட்டுகளைக் கற்றுக்கொடுத்தேன். ஆப்பில் டிவி 'ஆன்' என்று காட்டும்போது டிவி அணைந்திருக்கிறது. ஏசியில் வெப்பநிலையைக் கூட்டினால் கூடுவதே இல்லை.

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. டிவியின் பவர் பட்டன் அனுப்புவது 'நிலையை மாற்று' என்ற ஒரே குறியீடு. பழைய ரிமோட்டை யாராவது ஒரு முறை அழுத்திவிட்டால் ஆப்பின் கணக்கு தப்பிவிடும். மின்நுகர்வை அளக்கும் ஸ்மார்ட் பிளக்கில் டிவியைச் செருகி, அணைந்திருக்கும்போதும் ஓடும்போதும் எத்தனை வாட் என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லை வையுங்கள். நுகர்வு அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் மட்டும் 'ஆன்' அனுப்பு என்று ஆட்டோமேஷன் எழுதினால் குழப்பம் தீரும்.

ஏசி ரிமோட் அப்படியல்ல. எந்தப் பட்டனை அழுத்தினாலும் வெப்பநிலை, மோட், ஃபேன் வேகம் என்று தன் திரையில் இருப்பதை மொத்தமாக அனுப்பும். '24, கூல்' என்று திரை காட்டும்போது நீங்கள் பதிவு செய்த கூட்டல் பட்டன், எத்தனை முறை அழுத்தினாலும் அதே தகவலைத்தான் சொல்லும். பட்டன் பட்டனாகக் கற்றுக்கொடுப்பதை விட்டு, உங்கள் ஏசியின் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் ஐஆர் கிளைமேட் வசதிக்கு மாறுங்கள்.

சொந்தமாகச் செய்பவர்களுக்கு: ஐஆர் எல்ஈடியை நேராகப் பின்னில் மாட்டினால் இரண்டடிக்கு மேல் போகாது. 2என்2222 டிரான்சிஸ்டர், பேஸுக்கு 470 ஓம், 5 வோல்டிலிருந்து எல்ஈடிக்கு 33 ஓம் என்று போட்டால் 100 மில்லி ஆம்பியர் கிடைக்கும்; அறை முழுக்க எட்டும்.

கேள்வி: தண்ணீர் மோட்டாரை 10 ஆம்பியர் ரிலே மாட்யூல் வழியாக ஓட்டுகிறேன். மோட்டார் எடுப்பது 5 ஆம்பியர்தான். ஆனாலும் ரிலே ஒட்டிக்கொண்டு அணையவில்லை.

பதில்: ரிலே மேல் அச்சிட்ட 10 ஆம்பியர், ஹீட்டர் போன்ற சுமைக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். தொடுமுனைகள் அதில் உருகி ஒட்டிக்கொள்கின்றன. ரிலே ஒரு கான்டாக்டரின் (மோட்டார் போன்ற பெரிய சுமைக்கான கனமான ரிலே) காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். தொட்டியின் மிதவை சுவிட்சைக் காயிலின் தொடரிலேயே வயரால் இணையுங்கள். அப்போது போர்டு என்ன உளறினாலும் தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்கும்.

'20 நிமிடத்தில் அணை' என்ற கட்டளை சர்வரில் இருக்கக் கூடாது, போர்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வைஃபை அறுந்தால் சர்வரின் குரல் போர்டுக்குக் கேட்காது. எம்க்யூடிடி (சாதனங்கள் செய்தி பரிமாறும் முறை) பயன்படுத்தினால் கட்டளைச் செய்திகளுக்கு 'ரீட்டெயின்' (கடைசிச் செய்தியைச் சேமித்து வைப்பது) வைக்காதீர்கள். வைத்தால், நேற்று மாலை அனுப்பிய 'ஆன்' புரோக்கரில் (செய்திகளை வாங்கிக் கொடுக்கும் சர்வர்) அப்படியே காத்திருக்கும். நள்ளிரவில் கரண்ட் வந்து போர்டு இணைந்ததும் அதை வாங்கி மோட்டாரைப் போட்டுவிடும். 'ரீட்டெயின்' நிலைச் செய்திகளுக்கு மட்டும்.

கேள்வி: ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் பேசும் வயர்லெஸ் முறை) கதவு சென்சார்கள் அடிக்கடி தொடர்பு இழக்கின்றன. ஜிக்பீ சிக்னல் வாங்கும் யூஎஸ்பி டாங்கிள் மினி கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருக்கிறது. எல்லாப் பல்புகளும் ஜிக்பீதான்.

பதில்: யூஎஸ்பி 3 போர்ட் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். ஜிக்பீயும் அங்கேதான் பேசுகிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளைக் கம்ப்யூட்டரிலிருந்தும் ரவுட்டரிலிருந்தும் தள்ளி வையுங்கள். பாதிப் புகார் அதிலேயே தீரும். மீதிக்கு உங்கள் பல்புகளைப் பாருங்கள். பேட்டரி சென்சார்கள் பக்கத்துப் பல்பின் வழியாகத்தான் பெரும்பாலும் பேசுகின்றன. ராத்திரி யாரோ சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் அந்த வழி அறுந்துவிடும். அந்தச் சுவிட்சை எப்போதும் போட்டே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் பேட்டரியில் ஓடும் ஜிக்பீ பட்டன் ஒன்றை ஒட்டுங்கள்.