ஒயின் ஃப்ரிட்ஜும் மே மாச வெயிலும்: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கேள்வி: அண்ணே, நாங்க வேளச்சேரி. பொண்ணும் மாப்பிள்ளையும் வெளிநாட்டுல இருந்து வரும்போதெல்லாம் ஒயின் கொண்டு வர்றாங்க, இப்ப ஒரு டஜன் பாட்டில் சேர்ந்துடுச்சு. ஆன்லைன்ல 12 பாட்டில் வைக்கிற குட்டி ஒயின் ஃப்ரிட்ஜ் ஒண்ணு பார்த்தேன், கம்ப்ரஸர் இல்ல, சத்தமே வராதுன்னு போட்டிருக்கு, விலையும் கம்மி. வாங்கலாமா? சாதா ஃப்ரிட்ஜ்லயே வெச்சா என்ன?

பதில்: அந்த குட்டிய வாங்காதீங்கம்மா. நானே வாங்கி ஏமாந்தவன், அதனால சொல்றேன். 22 வருஷமா ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவன், எனக்கே புத்தி இல்லாம ஒரு ஆஃபர்ல அதத் தூக்கிட்டு வந்துட்டேன். ஜனவரில 13 டிகிரி அழகா காட்டுச்சு. மே மாசம் ஹால்ல 38 டிகிரி, உள்ள 22, ஃபேன் மட்டும் ராத்திரி பகலா சுத்துது, கரண்ட் பில்லு ஏறுது, பாட்டில தொட்டா கிணத்துத் தண்ணி அளவுக்குக்கூட ஜில்லுனு இல்ல. மெஷின் மேல தப்பில்ல, அது வேலை செய்யற விதமே அப்படித்தான். அதுக்குள்ள இருக்கறது பெல்டியர்னு ஒரு சின்ன தகடு, கரண்ட் விட்டா ஒரு பக்கம் குளிரும் மறுபக்கம் சுடும், அவ்வளவுதான். வெளிய இருக்கற சூட்டுல இருந்து 15, மிஞ்சிப்போனா 20 டிகிரி இறக்கும், அதுக்கு மேல அதால முடியாது. 24 மணி நேரமும் ஏசி ஓடுற ரூம்னா சரி, நம்ம ஊரு ஹாலுக்கு கம்ப்ரஸர்தான்.

கம்ப்ரஸர் மாடல் பார்க்கும்போதும் ஒண்ணு கவனிங்க, கடைக்காரர் சொல்லமாட்டார். கதவுக்கு உள்பக்கமோ பின்னாடியோ ஒட்டியிருக்கற லேபிள்ல கிளைமேட் கிளாஸ்னு ஒரு வரி இருக்கும். ‘என்’னு மட்டும் இருந்தா 32 டிகிரி வரைக்கும்தான், ‘எஸ்டி’ன்னா 38, ‘டி’ன்னா 43. சென்னைக்கு ‘டி’ இருக்கறதா பார்த்து எடுங்க. கண்ணாடிக் கதவு, நீல லைட்டு எல்லாம் அப்புறம்.

சாதா ஃப்ரிட்ஜ் 4 டிகிரில ஓடும், காத்தும் காஞ்சிருக்கும். ரெண்டு வாரம் வைக்கலாம், மாசக்கணக்குல வெச்சா கார்க் சுருங்கி காத்து உள்ள போயிடும். ஒயினுக்கு 12, 13 டிகிரி போதும், சிவப்போ வெள்ளையோ சேத்து வைக்க அதே அளவுதான். பரிமாறும்போது வெள்ளைய இன்னும் கொஞ்சம் குளிர வெச்சுக்குங்க, சிவப்ப முன்னாடியே வெளிய எடுத்து வெச்சுடுங்க. கார்க் மூடி பாட்டில படுக்கப்போடுங்க, திருகு மூடின்னா எப்படி வெச்சாலும் கவலையில்ல. அப்புறம் 12 பாட்டில்னு போட்டிருந்தா நேரான தோள் இருக்கற ஒல்லி பாட்டில் கணக்கு, ஷாம்பெயின் மாதிரி குண்டு பாட்டில் ரெண்டு வந்தா தட்டு இடிக்கும், அதனால 18 எடுங்க.

கேள்வி: சிங்கப்பூர்ல எச்டிபி வீடு, அதான் அரசாங்க அடுக்குமாடி. கிச்சன் கேபினட்டுக்குள்ள சொருகிடலாம்னு இருக்கேன், ஓகேவா சார்?

பதில்: சூடான காத்து எந்தப் பக்கமா வெளிய வருதுன்னு பாருங்க. முன்னாடி கீழ கிரில் இருந்தா சொருகலாம். பின்னாடி விடறதா இருந்தா சுத்தி இடம் விட்டு தனியா நிக்க வைக்கணும், இல்லன்னா கம்ப்ரஸர் மூச்சுத்திணறும். மழை நாள்ல கண்ணாடி வேர்க்கும், துணியால துடைச்சு விட்டுடுங்க, ரிப்பேர் இல்ல.

கேள்வி: கோயமுத்தூர்ல இருந்து எழுதறேனுங்க. எங்க வீட்ல யாரும் குடிக்க மாட்டோம், ஆனா கிஃப்ட்டா ஒரு ஒயின் ஃப்ரிட்ஜ் வந்துடுச்சுங்க. வேற எதுக்காவது ஆகுமுங்களா? மாமியாரோட இன்சுலின் வைக்கலாமுங்களா?

பதில்: இன்சுலின் வேண்டாம்மா. திறக்காத இன்சுலின் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், இதுல ஒயினுக்குன்னு வைக்கிற 12 டிகிரி அதுக்கு ஆகாது. பாலும் அதுல கெட்டுடும், மாவு மெதுவா பொங்கிப் பொங்கி கதவு வரைக்கும் வந்துடும். ஆனா மாம்பழம், வாழைப்பழம் ரெண்டுக்கும் 13 டிகிரி ரொம்பப் பொருத்தம், சாதா ஃப்ரிட்ஜ்ல வெச்சா தோல் கறுக்குதுல்ல, அந்தத் தொல்லை இதுல இல்ல. சாக்லேட்டும் வெள்ளை பூக்காம இருக்கும். என்ன, கோலா, சோடாவ வெச்சுட்டு பல்லு கூசற மாதிரி ஜில்லுனு எதிர்பாக்காதீங்க. ஒயின் மாடல் பெரும்பாலும் 5 டிகிரிக்குக் கீழ இறங்காது, அந்த ஜில்லுக்கு பெவரேஜ் கூலர்னு தனியா இருக்கு.

கேள்வி: வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பல்லாம் நிக்காமயே ஓடுது. கேஸ் போயிடுச்சா? மதுரை.

பதில்: எடுத்த உடனே கேஸ் போயிடுச்சுன்னு எவன் சொன்னாலும் காசு குடுத்துடாதீங்க தம்பி. முதல்ல பிளக்க உருவிட்டு பின்னாடி பாருங்க. போன மாசம் ஒரு வீட்ல காயில் மேல தலைமுடி, பஞ்சு, பூனை ரோமம் எல்லாம் கம்பளி மாதிரி படிஞ்சிருந்துச்சு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால தட்டி எடுத்ததும் மூணு மணி நேரத்துல தானா நின்னு ஓட ஆரம்பிச்சிடுச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவ இத நீங்களே பண்ணலாம். அடுத்து ஒரு பத்து ரூபா நோட்டை கதவு ரப்பர்ல வெச்சு மூடி இழுங்க, சுலபமா வந்துச்சுன்னா ரப்பர் போச்சு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில துடைச்சுப் பாத்துட்டு அப்புறம் மாத்துங்க. உள்ள கரி ஃபில்டர் இருந்தா வருஷத்துக்கு ஒண்ணு. இதெல்லாம் பாத்தும் சரியாகலன்னா ஆள கூப்பிடுங்க, அவர் பின்மூடிய கழட்டும்போது போர்டு பக்கம் பல்லி இருக்கான்னு கொஞ்சம் டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. சிரிக்காதீங்க, நான் மாத்துன போர்டுல பாதி அதுங்க பண்ண வேலைதான்.