நர்சம்மா பதில்கள்: ‘அத்தை வண்டியா மாமா?’

போன இதழில் முட்டி வலிக்குப் பதில் எழுதும்போது, ‘என் பழைய ஸ்கூட்டரே எனக்குப் பாதி வைத்தியம்’ என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அவ்வளவுதான். சர்க்கரை, பிரஷர் கேள்விகளெல்லாம் பின்னால் போய், இந்தத் தடவை வந்த கடிதாசி முழுக்க வண்டிதான். நன்னிலம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக 39 வருஷம் சுற்றியவள் நான். அதில் 36 வருஷம் இன்ஜின் வைத்த ரெண்டு சக்கரத்தின் மேலேதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 43 வயது. கூட்டுறவு சங்கத்தில் வேலை. என் பைக் ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால், மனைவியின் கியர் இல்லாத ஸ்கூட்டரை எடுத்துப் போனேன். டீக்கடையில், “என்ன மாமா, அத்தை வண்டியா? மல்லிப்பூ வாங்கலையா?” என்று ஒரே கிண்டல். பத்தாவது படிக்கிற மகன், “ஸ்கூல் வாசல்ல வந்து நிக்காதீங்கப்பா, முக்குலயே நில்லுங்க” என்கிறான். ஆம்பளை ஸ்கூட்டர் ஓட்டினால் அவ்வளவு கேவலமா?
– ஒரு வாசகர், வலங்கைமான்

பதில்: தம்பி, 1978ல் என் பெரியக்கா வீட்டுக்காரர் பஜாஜ் சேத்தக் வாங்கினார். வாங்கினார் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் கையில் காசு இருந்தாலும் வண்டி கிடைக்காது. பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அத்தான் பேங்கில் கிளார்க். வண்டி வந்த அன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் தெளித்து, தெருவே கூடி நின்றது. ஸ்கூட்டர் என்றால் அன்றைக்கு வாத்தியார், பேங்க் ஆபீசர், எல்ஐசிக்காரர் என்று அர்த்தம். கல்யாணச் சந்தையில் மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுக் கேட்கிற சாமானும் அதுதான்.

அக்கா ஒரு நாள் ஆசையாக, “எனக்கும் சொல்லிக் குடுங்களேன்” என்றாள். அத்தான் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இது ஆம்பளை வண்டி. இடது கைப்பிடியைத் திருகிக் கியர் போடணும், உதைச்சு ஸ்டார்ட் பண்ணணும். பொம்பளைக்கு எங்க அந்தத் தெம்பு?” காலையில் அது கிளம்பாமல் அடம் பிடிக்கும். ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பார், பிறகு பத்து உதை. அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார். சட்டையெல்லாம் வேர்வை. அந்தத் தொல்லைக்குப் பெயர்தான் கௌரவம்.

பிறகு என்ன நடந்தது? 1984ல் கைனெடிக் ஹோண்டா வந்தது. கியர் கிடையாது, பட்டனை அமுக்கினால் ஓடும். 90களில் ஸ்கூட்டி வந்தது, விளம்பரத்தில் சின்னப் பெண்கள் சிரித்தார்கள். 2001ல் ஆக்டிவா. பஜாஜ்காரர்கள் 2009ல் ஸ்கூட்டர் செய்வதையே விட்டுவிடப் போவதாக அறிவித்தார்கள். இப்போது மறுபடி சேத்தக் என்ற பெயரிலேயே, கரண்டில் ஓடுகிற மாதிரி விற்கிறார்கள், அதற்கும் உதை வேண்டாம், கியர் வேண்டாம். உதைக்கிற வேலை போனதும் பெண்கள் ஏறினார்கள். பெண்கள் ஏறியதும் ஆண்கள் இறங்கிவிட்டார்கள். அதே அகலமான கால்வைக்கிற இடம், அதே மாதிரி முன்னால் கவசம், சீட்டுக்கு அடியில் மூடின இன்ஜின். என் அக்காவுக்கு ‘ஆம்பளை வண்டி’ என்று மறுத்த ஜாதி வண்டியைத்தான் உங்களுக்கு ‘பொம்பளை வண்டி’ என்கிறார்கள்.

இன்னொன்று. இத்தாலியில் 1946ல் வெஸ்பாவை வடிவமைத்தவர் கொர்ராடினோ டஸ்கானியோ. விமானமும் ஹெலிகாப்டரும் செய்கிற இன்ஜினீயர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காதாம். செயினிலிருந்து எண்ணெய் தெறித்து உடுப்பைக் கெடுக்கும், டயர் கழற்றுவது பெரும்பாடு என்று. அதனால்தான் செயினே இல்லாமல், இன்ஜினை மூடி, காலைத் தூக்கிப் போடாமல் ஏறி உட்காருகிற மாதிரி செய்தார். உடுப்பில் அழுக்குப் படக்கூடாது என்று செய்த வண்டி, வெள்ளை வேட்டி கட்டுகிற நம் ஊர் ஆம்பளைக்குப் பொருந்தாமல் வேறு யாருக்குப் பொருந்தும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கில் ஏறி, வலது கெண்டைக்காலில் சைலன்சர் சூடு வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு நான் எத்தனை கட்டுப் போட்டிருப்பேன்! (சூடு பட்டால் பேஸ்ட் தடவாதீர்கள், இங்க் ஊற்றாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.)

லண்டனில் இருக்கிற என் தங்கை மகன் சொல்வான், அங்கேயும் 1964ல் கடற்கரை ஊர்களில் ஸ்கூட்டர் பையன்களும் மோட்டார் பைக் பையன்களும் கும்பல் கும்பலாக அடித்துக்கொண்டார்களாம். ஸ்கூட்டர் பையன்கள் மடிப்புக் கலையாத சூட்டு, பைக் பையன்கள் தோல் சட்டை. ஆக, இந்த நையாண்டி வலங்கைமான் டீக்கடையில் பிறந்தது இல்லை.

மகன் விஷயத்தில் மட்டும், அவன் சொன்னபடி முக்கிலேயே நில்லுங்கள். பத்தாவது படிக்கிற பையனுக்கு அப்பா எதில் வந்து நின்றாலும் வெட்கம்தான். புல்லட்டில் போனால், ‘ஏம்ப்பா இவ்வளவு சத்தம்’ என்பான்.

கேள்வி: மயிலாடுதுறையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். வயது 23. கடை அடைத்து ஸ்கூட்டரில் வீடு வர ராத்திரி ஒன்பதரை ஆகும். “வண்டி வாங்கினதும் கால் தரையில நிக்கல பாரு” என்று தெருவில் பேச்சு. ஆயாவும் வண்டியை விற்றுவிட்டு பஸ்ஸில் போ என்கிறது. கடைசி டவுன் பஸ்ஸை நம்பினால் வேலையே போய்விடும். என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், குத்தாலம்

பதில்: விற்காதே கண்ணு.

நான் டிவிஎஸ் 50 வாங்கியது 1987ல், சொசைட்டி லோன் போட்டு. அதுவரை சைக்கிள். என் துணை சுகாதார நிலையத்துக்கு ஆறு ஊர், ஐயாயிரத்துச் சொச்சம் ஜனம். முடிகொண்டான் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் புழுதி ரோடு, மழை வந்தால் களிமண். வண்டி வாங்கிய மறுநாளே, “நர்சு வண்டி ஓட்ட ஆரம்பிச்சுட்டா, இனிமே யாரு பேச்சைக் கேக்கப் போறா” என்று பேச்சு. என் மாமியார் ஒரு நிபந்தனை போட்டார்: நம்ம தெருவில் ஓட்டக் கூடாது. மதகு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அதற்கப்புறம் பெடல் போட்டுக் கிளப்பிக்கொள். சரி என்று தள்ளினேன்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். மருந்து வைத்த ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவேன். எனக்கு முன்னால் என் வண்டிச் சத்தம் ஊருக்குள் போய்விடும். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி ஒளியும். சில அம்மாக்களே கதவைச் சாத்துவார்கள். அதனால் ஊர் எல்லையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டுச் சத்தம் இல்லாமல் தள்ளிக்கொண்டு நுழைவேன். தெருவுக்காக ஒரு தள்ளு, பிள்ளைகளுக்காக ஒரு தள்ளு. முதல் ரெண்டு வருஷம் அந்த வண்டியை நான் ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம்.

மாமியார் மனம் மாறிய கதையைக் கேட்காதே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் காலையில் அவருக்கு வெற்றிலை தீர்ந்துவிட்டது. கும்பகோணம் வெற்றிலைதான் வேண்டும், அதுவும் கொழுந்தாக. “போய்ட்டு சீக்கிரமா வா. இங்கயே ஸ்டார்ட் பண்ணிக்க” என்றார். அன்றோடு தள்ளுவது நின்றது. உன் ஆயாவுக்கும் தேவை என்று ஏதாவது ஒன்று இருக்கும், கண்டுபிடி.

தெருப் பேச்சை விடு, இருட்டைக் கவனி. ஹெட்லைட்டைச் சரியாக வைத்துக்கொள். பெட்ரோல் ரிசர்வுக்கு வர விடாதே. கிளம்பும்போது வீட்டுக்கு ஒரு போன். பெண்கள் உதவி எண் 181 போனில் இருக்கட்டும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டு. சக்கரத்தில் துணி சிக்கிக் கழுத்தில் தழும்போடு வந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன், போதும்.

கேள்வி: ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டுவிட்டு வலது பக்கம் திரும்புகிறார்களே, ஏன்? காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆண்கள் இண்டிகேட்டரே போடாமல் திரும்புவதால், அவர்கள் தப்பாகப் போட்டது உங்கள் கண்ணில் படவில்லை.

காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு மட்டும் ஒரு வார்த்தை. பல பேருக்குச் சீட்டில் உட்கார்ந்தால் கால் தரைக்கு முழுசாக எட்டாது. கற்றுக்கொடுத்தவர் யார்? சாயங்காலம் கோயில் திடலில் புருஷனோ அண்ணனோ, பத்து நிமிஷம், அதில் எட்டு நிமிஷம் திட்டு. 2018 பிப்ரவரியில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தருகிற திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. லைசென்ஸ் வேண்டும் என்றதும் ஆர்டிஓ ஆபீசில் எட்டுப் போட வரிசையில் நின்ற பெண்களில் நாற்பதை நெருங்கியவர்களும் இருந்தார்கள். சத்துணவு ஆயா ஒருத்தியை நானே கூட்டிப் போனேன். ரெண்டு தடவை காலை ஊன்றித் தோற்று, மூன்றாவது தடவை எட்டை முடித்தாள். நீங்கள் பதினாலு வயதில் அப்பா வண்டியைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டிப் பழகியிருப்பீர்கள். அவளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கேள்வி: வாழை இலை வியாபாரம் செய்கிறேன். என்னிடம் இருப்பது டிவிஎஸ் எக்ஸெல் மொபெட். போன தை மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அதில் போனேன். மண்டப வாசலில் வாட்ச்மேன், “இலைக்காரரா? பின்பக்கம் போங்க” என்றார். பத்திரிகை வைத்து என்னை அழைத்திருக்கிறார்கள் என்று சொல்லவே வாய் வரவில்லை. இலை இறக்குகிற இடத்திலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: ஐயா, இதைப் படித்துவிட்டுச் சும்மா சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

ஸ்கூட்டர் ஆணா பெண்ணா என்று சண்டை போடுகிறவர்களுக்கெல்லாம் கீழே, கணக்கிலேயே வராமல் ஒரு வண்டி இருக்கிறது, அது எக்ஸெல். நெல் மூட்டை, புல்லுக்கட்டு, பால் கேன், மீன் கூடை, உங்கள் இலைக்கட்டு எல்லாம் அதில்தான். தண்ணீர் திறந்து நடவு தொடங்கினால் நாற்றுமுடியும் உரமூட்டையும் வரப்போரம் வரை போவது அதில்தான். ஊருக்கே சோறு கொண்டுவருகிற வண்டி என்பதால் வாசல் பக்கம் விட மாட்டார்கள் போலிருக்கிறது.

வண்டிக்குத் தகுந்த மரியாதை என்பதை நான் என் உடம்பிலேயே பார்த்தவள். டிவிஎஸ் 50ல் போன காலம் முழுக்க, டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் மீட்டிங்குக்குப் போனால் வாட்ச்மேன், “ஏம்மா, அங்க போடாத, அந்தாண்ட தள்ளு” என்பார். 2004ல் புது ஸ்கூட்டர் வாங்கினேன். அதே வாட்ச்மேன், அதே நீலச் சேலை, அதே நான். “மேடம், இங்க நிழல்ல போடுங்க” என்றார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது கொஞ்சம் கசந்தது.

நானும் யோக்கியம் இல்லை. ஒரு மழைநாளில் எக்ஸெல்லில் ஒருவர் என் நிலைய வாசலில் வந்து நின்றார். முன்னால் சாக்கு போட்டிருந்தது. “இன்னைக்குக் காய் ஒண்ணும் வேணாங்க” என்றேன் ஜன்னல் வழியாக. அவர் இறங்கி ஒதுங்கினபோதுதான், பின்னால் எட்டு மாதக் கர்ப்பிணி நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. முன்னால் இருந்த சாக்கு, அவள் தலைக்குப் பிடிக்கவென்று கொண்டுவந்தது. அவர் ஒன்றும் கோபிக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது, பழகிப்போன மனுஷன் மாதிரி நின்றார்.

அடுத்த கல்யாணத்துக்கு முன்வாசலிலேயே போடுங்கள். கேட்டால் பத்திரிகையைக் காட்டுங்கள். அந்த வாட்ச்மேன் வீட்டிலும் எக்ஸெல்தான் நிற்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

கேள்வி: நீங்கள் இப்போது ஓட்டும் வண்டி எது?
– வாசகி, திருவாரூர்

பதில்: அந்த 2004 வண்டியேதான். நான் 2023ல் ரிட்டயர் ஆகிவிட்டேன், அது இன்னும் ஆகவில்லை. முன்னால் கேஸ் சிலிண்டர் நிற்கும், பேத்தி நிற்பாள். மருமகன் மட்டும் வருஷா வருஷம், “பழைய இரும்புக்குப் போட்டுடலாம் அத்தை” என்பார். அவருடையது பெரிய பைக், பெட்ரோல் டேங்க் மேல் புலி ஸ்டிக்கர்.

இந்தப் பங்குனியில் களத்திலிருந்து உளுந்து மூட்டையை எடுத்துவர வேண்டியிருந்தது. பைக்கில் எங்கே வைப்பது? “அத்தை, சாவி குடுங்க” என்று வந்தார். கொடுத்தேன். பக்கத்துத் தெருவில் பால் வாங்கப் போனாலும் ஹெல்மெட் போட மாட்டார், நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவள். அன்றைக்கு மத்தியான வெயிலில் அவராகவே எடுத்து மாட்டி, கறுப்புக் கண்ணாடியையும் முழுசாக இறக்கிவிட்டுக்கொண்டு, டீக்கடை வழியாகப் போகாமல் ஆற்றங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். காரணம் எதுவானால் எனக்கென்ன, ஹெல்மெட் போட்டாரே.