தலைமடையும் தன்னலமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நிலம் காவிரியின் கிளையான வெண்ணாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றின் தலைமடையில், தண்ணீர் முதலில் வந்து சேரும் இடத்தில், இருக்கிறது. சென்ற சம்பாவில், கதிர் பால் பிடிக்கும் சமயத்தில், முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். என் முறை முடிந்த பிறகும் இரவில் ஆயில் எஞ்சின் வைத்து இறைத்தேன், பயிர் தப்பியது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்கள் இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனிதன் எப்படியும் தன்னலத்துக்காகவே செயல்படுகிறான், ஆகவே தன் நலனைத் தேடுவதே அவனுடைய அறம் என்று அண்மையில் படித்தேன். அப்படியானால் நான் செய்ததில் என்ன தவறு?

ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்ததில் இரண்டு கூற்றுகள் கலந்திருக்கின்றன. மனிதன் தன்னலத்தால் இயங்குகிறான் என்பது இயல்பைப் பற்றியது. இயங்க வேண்டும் என்பது அறத்தைப் பற்றியது. முதலாவது முழு உண்மையானால் இரண்டாவதற்கு வேலையே இல்லை, ஏனெனில் வேறு விதமாக நடக்கவே இயலாதவனுக்கு இப்படித்தான் நடக்க வேண்டும் என்று விதிப்பது, பள்ளம் பார்த்து ஓடு என்று தண்ணீருக்குக் கட்டளையிடுவதைப் போன்றது.

இரண்டாவது கூற்றை வலுவாக வாதிட்டவர் அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்ட். 1964இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் அவர் தன்னலத்தை நற்பண்பாகவே முன்வைத்தார். ஆனால் பிறரைத் தனக்காகப் பலியிடுவதை அவரும் ஏற்கவில்லை. பகுத்தறிவோடு வாழ்பவர்களின் நலன்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை என்றார். முறைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலின் கரையில் ஓர் இரவு நின்றிருந்தால் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பாரா என்பது என் ஐயம்.

அந்தக் கரையிலேயே கோட்பாட்டை வைத்துப் பார்ப்போம். முறை தவறி இறைப்பது உங்கள் அறம் என்றால், வந்து உங்கள் எஞ்சினை நிறுத்துவது கடைமடைக்காரரின் அறமாகிறது. அவரைத் தடுப்பது மீண்டும் உங்கள் அறமாகிறது. வழக்கைத் தீர்க்க வந்த கோட்பாடு இரு தரப்பையும் வாழ்த்திவிட்டுப் போய்விடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் முறையை மதித்து வீட்டில் உறங்குவதுதான் உங்களுக்கு லாபம் என்பதால், இந்தக் கோட்பாட்டை அவருக்கு நீங்கள் சொல்லித்தரவே முடியாது. நீங்களும் பகலில் இறைக்கவில்லை.

மேலும், வாய்க்காலில் நீங்கள் தலைமடை என்றாலும் காவிரியில் நாம் அனைவருமே கடைமடை. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச்சொத்து ஆகாது என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்றது. நடுவர் மன்றம் முன்பு தந்ததைவிட அளவு குறைந்ததில் எனக்கும் உங்களைப் போல வருத்தம் உண்டு. ஆனால் மேட்டூருக்கு மேலே இருப்பவர்கள் தங்கள் நலனே தங்கள் அறம் என்று சொல்லியிருந்தால் அந்த அளவைக்கூட நாம் கேட்டிருக்க முடியாது. மேட்டூருக்கு மேலே பேசும் நியாயம் நம் மதகுக்கு வந்ததும் மாறுமா?

பயிரைக் காக்க நினைத்ததை நான் குறை கூறவில்லை. 'தன்னைத்தான் காதலன் ஆயின்' என்று தொடங்கும் 209ஆம் குறள், தன்மீது அன்பு கொள்வதைத் தவறென்று சொல்லாமல், அந்த அன்பின் பெயராலேயே தீவினையின் பக்கம் போகாதே என்கிறது. கடன் வாங்கி நடவு செய்தவரின் பதற்றத்தை அறியாதவனல்லன் நான்.

அந்த இரவுகளில் கடைமடையில் எத்தனை மா நிலத்துப் பயிர் பதராயிற்று என்பதை அவர்களிடமே உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் விளைச்சலிலிருந்து அதற்கு ஈடாக என்ன தர இயலும் என்பதையும் அங்கேயே பேசுங்கள். அந்தப் பேச்சு எப்படிப் போயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.