பஞ்சு மாதிரி மெத்தென்ற மார்ஷ்மெல்லோவும் பொரி மாதிரியான அரிசி சீரியலும் சேர்த்து விலங்கு உருவங்கள் செய்தால் கல் மாதிரி இறுகிவிடுகிறதே, ஏன்?

அநேகமாக அடுப்பைப் பெரிதாக எரியவிட்டிருப்பீர்கள். இல்லையென்றால் உருவம் வரவேண்டுமே என்று கையால் இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். நான் இரண்டையும் ஒரே இரவில் செய்தவள்.

மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு 12 கரடி, 12 முயல் என்று கணக்கு. அளவில் தப்பில்லை: 3 மேசைக்கரண்டி வெண்ணெய், சுமார் 285 கிராம் மார்ஷ்மெல்லோ, 6 கப் சீரியல். 1939-இல் கெலாக் நிறுவனத்தில் இந்தத் தின்பண்டம் உருவான காலத்திலிருந்து பெரிதாக மாறாத சேர்மானம்தான் இது. அவசரத்தில் தீயைக் கூட்டிவிட்டேன். மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரைப் பாகும், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும்தானே, சூடு ஏற ஏற ஈரம் வற்றி மிட்டாய்ப் பதத்துக்குப் போய்விட்டது. முதல் கரடியைத் தட்டில் வைத்தபோது ‘டொக்’ என்று சத்தம். மகள் கடித்துப் பார்த்துவிட்டு, “கடிக்க வரலம்மா” என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

மறுபடி செய்தேன். இந்த முறை சிம்மில் வைத்து, நாலைந்து மார்ஷ்மெல்லோ கரையாமல் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டேன். மிச்சச் சூட்டிலேயே அவை கரைந்துவிடும். சீரியலைக் கலந்து கை பொறுக்கும் சூடு வந்ததும், உள்ளங்கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு லேசாக உருட்ட வேண்டும். உருண்டையைப் பார்த்தால் அரிசி ஒவ்வொன்றும் நசுங்காமல், இடையில் சின்னச் சின்ன இடைவெளியோடு தெரிய வேண்டும். அச்சில் வைத்தாலும் அப்படித்தான், விரல் நுனியால் ஒத்தினால் போதும்.

முயலின் காதுதான் எனக்குப் பெருமை. சின்ன மார்ஷ்மெல்லோவைக் கத்தரியால் குறுக்குச் சாய்வாக வெட்டினால் வெட்டிய பக்கம் பிசுபிசுவென்று இருக்கும். அதை இளஞ்சிவப்புச் சர்க்கரையில் தொட்டெடுத்தால் காதின் உட்புறம் வந்துவிடும். உருக்கிய சாக்லேட்டை ஒரு பொட்டு வைத்து, ஒட்டும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். பல்குச்சி குத்தினால் சுலபமாயிற்றே என்று சிலர் சொல்வார்கள். சின்னக் குழந்தைகள் அப்படியே வாயில் போடுகிற பண்டத்தில் நான் குச்சி வைக்கமாட்டேன். வெள்ளைச் சாக்லேட்டில் நிறம் கலப்பதானால் எண்ணெயில் கரையும் நிறமாகப் பாருங்கள், தண்ணீர் கலந்தது பட்டால் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எந்தக் குழந்தைக்கு எது ஆகாது என்று ஒரு வாரம் முன்பே எல்லாப் பெற்றோருக்கும் செய்தி அனுப்பிக் கேட்டிருந்தேன். ஒருவர் பதிலே போடவில்லை. விழாவுக்கு வந்து, தன் பிள்ளை முயலைக் கையில் எடுத்த பிறகு, “இதில் ஜெலட்டின் இருக்குமே, நாங்கள் சைவம், கேட்டிருக்கலாமே” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சைவம் என்பதில் எனக்கு ஒரு குறையுமில்லை, நானே கேட்டுத்தானே இருந்தேன்! முயலைத் தட்டில் திரும்ப வைத்த அந்தப் பிள்ளையின் முகம்தான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசிப் பொருள் சேர்த்த மார்ஷ்மெல்லோவும் இருக்கிறது. கரையக் கொஞ்சம் நேரமெடுக்கும், ஆனால் உருவம் நன்றாகவே வருகிறது. இப்போதெல்லாம் யார் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அதில்தான் செய்கிறேன்.

முந்தின இரவே செய்து, காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் திரும்பவும் இறுகிவிடும்.