ஈரல் துண்டு ஏன் பொங்குகிறது?

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் ‘எஸ்.ஓ.டி.’ என்று ஒரு மாத்திரை விற்கிறார். முதுமையைத் தள்ளிப்போடும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைமாம். இந்த என்சைம்கள் கூட்டாகச் சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்று மகளின் பாடப் புத்தகத்தில் படித்தேன். அப்படியென்றால் மாத்திரையில் பலன் உண்டா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: மகளின் பாடத்திலிருந்தே தொடங்குவோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் வாங்கினால் நகத்தளவு இரண்டு துண்டு எடுத்து வையுங்கள். ஒன்றை மட்டும் நன்றாக வேகவைத்து ஆறவிடுங்கள். காயம் கழுவ மருந்துக்கடையில் விற்கிறார்களே, ஹைட்ரஜன் பெராக்சைடு, அதை இரண்டின் மேலும் சில சொட்டு விடுங்கள். பச்சைத் துண்டு புசுபுசுவென்று பொங்கி வெள்ளை நுரைக்குள் மறைந்துவிடும். வெந்த துண்டு சும்மா கிடக்கும். கடலூரில் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டியது இதைத்தான்.

பொங்க வைப்பது கேட்டலேஸ். பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைக்கிற என்சைம். ஒரே மாதிரியான நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்தது அது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஹீம் என்ற, இரும்பு வைத்த ஒரு சிறு மூலக்கூறு. சேர்த்துப் பிடிக்கப் பசை எதுவும் கிடையாது. தண்ணீருக்கு ஒவ்வாத பரப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி உள்ளே ஒதுங்குகின்றன. அதோடு, ஒரு சங்கிலியின் முனை பக்கத்துச் சங்கிலியின் வளைவுக்குள் நுழைந்து, கீற்று முடைந்தாற்போல மாட்டிக்கொள்கிறது. இந்தப் பின்னலின் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மலைப்புதான். வேகவைத்தால் சங்கிலிகளின் மடிப்பே குலைந்துபோகிறது. அப்புறம் நுரை எங்கிருந்து வரும்?

எஸ்.ஓ.டி. என்பது சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் இதன் வேலையைக் கண்டு சொன்னார்கள். மூச்சுக்காற்றிலிருந்து உடம்பில் உண்டாகும் சூப்பர்ஆக்சைடு என்ற, செல்லைக் கெடுக்கக்கூடிய ஆக்ஸிஜன் வகையை இது பெராக்சைடாக மாற்றும். செல்லின் நீர்ப்பகுதியில் இருக்கும் வகைக்கு இரண்டு சங்கிலி. ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு, ஒரு துத்தநாகம். செம்பை ஊட்டுவதற்கென்றே ஒரு துணைப் புரதம் உண்டு. முற்றாத சங்கிலியோடு அது தற்காலிகமாகச் சேர்ந்து, செம்பைக் கொடுத்துவிட்டு விலகும். அதன் பிறகுதான் முற்றிய இரண்டும் இணைகின்றன. பரம்பரையாக வரும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் சில குடும்பங்களில் இந்தப் புரதத்தின் மரபணுக் கோளாறால் வருகிறது என்று 1993-இல் தெரிந்தது. அந்தக் கோளாறுகளில் சில, இரண்டும் இணைந்து நிற்கிற பிடியையே தளர்த்துபவை.

ஒன்றை மகளிடம் சொல்லுங்கள்: எஸ்.ஓ.டி.யும் கேட்டலேஸும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். கேட்டலேஸ் பெரும்பாலும் பெராக்ஸிசோம் என்ற தனிப் பைக்குள் இருக்கும். கூட்டு என்பது ஒரே என்சைமின் சங்கிலிகளுக்குள்தான்.

சரி, மாத்திரை. விழுங்கிய என்சைமும் புரதம்தானே? வயிற்று அமிலத்துக்கும் குடலுக்கும் அது முட்டை மாதிரிதான். சங்கிலி சங்கிலியாகப் பிரித்துத் துண்டாக்கிவிடும். அந்த ஜோடி முழுசாக உங்கள் செல்லுக்குள் போய்ச் சேராது. நான் வாங்க மாட்டேன். இந்த என்சைமை உடம்பே செய்துகொள்கிறது. நாம் கொடுக்க வேண்டியது செம்பும் துத்தநாகமும். நம் பண்ருட்டி முந்திரியில் இரண்டுமே நன்றாக இருக்கின்றன. எள்ளிலும் உண்டு.